எதிரொலிப்பதும் பேச்சுதான்

தாகமெடுத்த குழந்தை அம்மாவைப் பார்த்து "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பலர் இதைப் பொருளற்ற கிளிப்பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். சிலர் அதட்டி நிறுத்தவும் பார்க்கிறார்கள். அப்படி நிறுத்துவது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் கைக்கு வரும் நேரத்திலெல்லாம் அந்தக் குழந்தையின் காதில் விழுந்த வாக்கியம் அது. சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுத் தொடராகவே மனத்தில் வாங்கிக்கொண்ட குழந்தை, அதே தேவை எழும்போது அதே தொடரைத் திருப்பித் தருகிறது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த எதிரொலிப்பும், 'நான்', 'நீ' இடம் மாறுவதும் பதிவாகியுள்ளன. பேரி பிரைசன்ட்டும் ஜூடித் டுச்சனும் 1981-இல் இதை ஆராய்ந்து, கேட்டு வாங்குவது, ஆம் என்பது, உரையாடலில் தன் முறைக்குப் பதில் தருவது எனப் பல பயன்களை அதில் கண்டார்கள். ஆகவே அதட்டுவதை விட்டு, "எனக்குத் தண்ணி வேணும்" என்று குழந்தையின் இடத்திலிருந்து சொல்லிக்காட்டி, தண்ணீரைக் கொடுப்பதே முறை.

சொற்களைக் கற்பதிலும் கவனத்தின் பங்கு பெரிது. பெரியவர் ஒரு பொருளைப் பார்த்துப் பெயர் சொல்லும்போது அவர் பார்வையைப் பின்தொடராத குழந்தை, தான் அப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வேறொன்றோடு அந்தப் பெயரைப் பொருத்திக்கொள்ள நேரலாம்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, இந்தக் குழந்தைகளின் மொழி வேறுபட்டிருப்பதற்குப் பிறர் மனத்தை அறியும் திறன் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி முடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு அடிப்படையான 1985-ஆம் ஆண்டு ஆய்வில், சாலி, ஆன் என்ற இரு பொம்மைகளை வைத்து நடித்துக்காட்டி, சாலி இல்லாதபோது ஆன் இடம் மாற்றிவைத்த கோலிக்குண்டைச் சாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள் என்று கேட்ட கேள்விக்கு, ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாக விடை சொன்னார்கள். சரியாகச் சொன்ன 4 பேரை யாரும் நினைப்பதில்லை. மேலும், இத்தகைய சோதனையில் வெல்வதற்கு மொழித்திறனும் வேண்டும் என்பதால், மொழி வேறுபாட்டுக்கான முழுக் காரணத்தை அதிலிருந்தே எடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த இருதரப்புப் புரிதல் சிக்கல் என்ற கருத்தே என்னை அதிகம் சிந்திக்கவைத்தது. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதுபோல மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சொல்லும் வரிசைகளில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை மற்றவர்களின் வரிசைக்கு இணையாகச் செய்தியைக் கடத்தியது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் இழப்பு அதிகம். அப்படியிருக்க, குழந்தையின் மதிப்பீட்டு அறிக்கையில் குழந்தை சொன்னதை மட்டும் எழுதினால் போதாது. கேள்வி கேட்டவர் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார், படம் காட்டியோ எழுதிக் காட்டியோ கேட்டுப் பார்த்தாரா என்பதும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.