நமக்கு இலையுதிர் காலம் பிப்ரவரியில்தான்

அக்டோபர் பிறந்தால் போதும், முகநூல், டிக்டாக் எங்கே திறந்தாலும் பழுப்பும் கருஞ்சிவப்பும்தான். ‘இந்த இலையுதிர் காலத்துக்கு ஏற்ற நக அலங்காரங்கள்’ என்று வரிசை கட்டி வரும். டிசம்பரில் பனித்துகள், மார்ச்சில் வசந்தப் பூக்கள், ஜூனில் கடற்கரை நீலம். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அக்டோபர் என்றால் சாயங்காலம் ஆனதும் இடி, மின்னல், கொட்டும் மழை. இங்கே காய்ந்த இலைக்கு எங்கே போவது? இருந்தாலும் நம் பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் சலூன் அக்காவிடம் நீட்டுகிறார்கள்.

நகத்தை அலங்கரிப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அத்தை மகள்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று யார் கையை நீட்டினாலும் போட்டுவிடுகிறவள் நான். எனக்குச் சண்டை அந்தக் காலண்டரோடுதான். பருவத்துக்கு ஏற்ற நகம் என்று சொல்லிவிட்டு எவனோ ஊர் பருவத்தை ஏன் விரலில் ஏற்ற வேண்டும்?

நமக்கு இலையுதிர் காலமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பால்மரக் காட்டுப் பக்கம் குடியிருந்ததில்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெயில் காய்ந்ததும் ரப்பர் மரம் மொத்தமாக இலை மாறும். முதலில் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் செங்கல் நிறம், சில மரங்களில் நல்ல சிவப்பே வரும். பிறகு எல்லாம் கொட்டி, மரம் குச்சியாக நிற்கும். கொஞ்ச நாளில் துளிர் வரும்போது அது பச்சையாக வராது. செம்பு நிறத்தில், வெயில் பட்டால் ஊடுருவித் தெரிகிற மாதிரி மெல்லிசாக வந்து, அப்புறம்தான் பச்சை பிடிக்கும். எங்கள் பக்கம் இப்போது பாதிக்கு மேல் செம்பனை ஆகிவிட்டது. செம்பனை இப்படி உதிர்க்காது. ஆனால் சிறு தோட்டக்காரர்கள் விட்டுவைத்திருக்கும் பால்மரங்கள் இன்னும் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், வருஷத்துக்கான கலர் அட்டை அங்கேயே இருக்கிறது.

அந்த நிறத்தை நகத்தில் கொண்டுவர சலூன் வேண்டியதில்லை. பேஸ் கோட் என்ற அடிப்பூச்சு காய்ந்ததும் வெளிர் செம்பு நிறத்தை ஒரு கை பூசுங்கள். முகப்பூச்சுக்கு வைத்திருக்கும் பஞ்சில் சின்னத் துண்டு வெட்டி, அதன் மேல் மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் கோடாகப் பூசி, நகத்தின் நுனிப் பக்கமாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே அழுத்தில் வராது, இரண்டு மூன்று தரம் ஒற்றினால்தான் நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்கும். மோதிர விரலில் மட்டும் தங்க நிறத்தில் ஒரு நடு நரம்பு, இரு பக்கமும் கிளை நரம்பு. பழைய ஐலைனர் பிரஷ் இருந்தால் அது போதும். ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாகத்தான் வரும். அதனால் மோதிர விரலோடு நிறுத்தாமல் நடு மூன்று விரல்களுக்கும் நரம்பு வரைந்தால், தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா பார்த்துவிட்டு, “இந்த இலை கொட்டினா பால் குறையும், கைல காசு இருக்காது. அதைப் போய் யாராவது நகத்துல வரைவாங்களா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இலை இல்லாத நாட்களில் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், பால் குறைவாகத்தான் விழும். அன்றைக்கு வெட்டியதற்குத்தான் அன்றைய வருமானம் என்று வாழ்ந்தவர்களுக்கு அது நெருக்கடியான மாதம். கையில் காசு குறைவான மாதத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் அலங்காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பொருந்திப்போகும்.

அதே மாதங்களில்தான் பெருநாட்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் பெருநாள் பிப்ரவரி 17. எங்கள் பக்கம் நக சலூன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள். பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரம் அவர்கள் கடையில் உட்கார இடம் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். பெருநாள் முடிந்து கடை திறந்ததும் போனால் ஆள் இருக்காது, நிதானமாகச் செய்வார்கள். நம் பெண்கள் அந்த நெரிசலில் போய் நின்று, அவசரத்தில் ஓரமெல்லாம் வழிய வழியப் போட்டுக்கொண்டு வந்து முனகுவது எனக்குப் புரியவே இல்லை.

தைப்பூசத்துக்கு மஞ்சள் நகம் போடலாமா என்று கேட்கிறார்கள். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குத் திருவிழா பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். பால்குடம் எடுப்பவர்கள் நகத்தை ஒட்ட வெட்டி, வெறுமையாக விடுவதுதான் எனக்குப் பிடிக்கும். சாஸ்திரம் எல்லாம் எனக்குத் தெரியாது. விரதம் என்றால் அலங்காரத்துக்கும் சேர்த்துத்தானே?

மஞ்சள் என்றதும் நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம் ஒன்று. இணையத்தில் எந்தப் பருவத்துக்கும் வந்துவிடுகிற அந்தப் பால்வெள்ளை நகம் இருக்கிறதே, அது கரண்டியில் சாப்பிடுகிறவர்களுக்கான நாகரிகம். கையால் பிசைந்து மீன் கறி சாப்பிடுகிற நமக்கு அது ஒரு வேளைகூடத் தாங்காது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் எண்ணெயில் கரையும், அந்த எண்ணெயோடு சேர்ந்து பூச்சின் மேல்பரப்பில் இறங்கிவிடும். கடைசியாகப் பூசும் டாப் கோட்டைப் பளபளப்பு இல்லாத மேட் வகையில் போட்டிருந்தால் இன்னும் மோசம், அதன் சொரசொரப்பில் கறை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தப்பிக்க வழி உண்டு. பளபளப்பான டாப் கோட் போடுங்கள், சாப்பிட்டதும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறை விழுந்தே விட்டால் பதறாமல் வெயிலில் துணி காயப் போடுகிற வேலையைக் கையில் எடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் நிறம், வெயில் பட்டாலே மங்கும். வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறையை நம் பாட்டிமார் வெயிலில் போட்டு எடுத்தது இதே கணக்கில்தான். இல்லையென்றால் கடுகு மஞ்சள், மாம்பழ மஞ்சள் பூசிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

நோன்புப் பெருநாள் வரும்போது மலாய்த் தோழிகளின் விரல்களைப் பாருங்கள், நுனியெல்லாம் இனாய், அதாவது நம் மருதாணி. தொழுகைக்கு முன் கழுவும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும் என்பதால் பூச்சு போட்டால் அவர்களுக்குச் சிக்கல். மருதாணி அப்படித் தடுக்காது. அது நகத்தின் மேல் படலமாக உட்காராமல், அதில் உள்ள லாசோன் என்ற சாயம் நகத்தில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. அதனால்தான் தோலில் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கும் மருதாணி, நகத்தில் வளர்ந்து வெட்டுகிற வரைக்கும் நிற்கும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாக மாற ஆறு மாதம் பிடிக்கும். கல்யாணத்துக்கு நகத்தில் மருதாணி வைக்க யோசிக்கும் பெண்கள் இதைக் கணக்கில் வையுங்கள். கொரியாவில் காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்தில் கட்டிச் சிவக்க வைக்கும் பழக்கம் இருக்கிறது, முதல் பனி விழும்வரை அந்தச் சிவப்பு நின்றால் முதல் காதல் கைகூடும் என்பார்களாம். கொரிய நாடகம் பார்த்துப் பனித்துகள் வரையச் சொல்லும் தங்கைமார் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம், காசித்தும்பை நம் வேலியோரத்திலேயே வளர்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் ‘கறுப்பு மருதாணி’ வேண்டவே வேண்டாம். தலைச்சாயத்தில் போடும் பிபிடி அதில் இருக்கும், தோல் கொப்புளித்துப் போகும்.

பழக்காலத்துக்கு எனக்குப் பிடித்தது மங்குஸ்தான். கரும் ஊதா நகம், நுனியில் வெள்ளை, அவ்வளவுதான். டுரியான் முள்ளைப் பசையில் எழுப்பி வரைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது துணியில், முடியில் எல்லாம் சிக்கும், படம் பிடிக்க மட்டும்தான் லாயக்கு.

தீபாவளிக்கு வருவோம். வடிவத்தைத் தேடி எங்கேயும் அலைய வேண்டாம், வாசலில் இருக்கிறது. அடர் பச்சையோ, கருநீலமோ, மருதாணிச் சிவப்போ பூசி, அது நன்றாகக் காய்ந்ததும் பல்குச்சி நுனியில் வெள்ளைப் பூச்சைத் தொட்டுப் புள்ளி வையுங்கள். கட்டை விரலில் மூன்றுக்கு மூன்று புள்ளி தாராளமாக அடங்கும், அதைச் சுற்றிச் சிக்குக் கோலம் இழுக்கலாம். மற்ற விரல்களுக்கு ஒரே வரிசைப் புள்ளி போதும். எல்லா நகத்திலும் கோலம் போட்டால் கண்ணுக்கு எதுவும் தங்காது.

நேரம்தான் முக்கியம். பெரும்பாலானவர்கள் முந்திய இரவு முறுக்கு, நெய் உருண்டை எல்லாம் முடித்துவிட்டு, நள்ளிரவில் உட்கார்ந்து பூசுகிறார்கள். நகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, பாத்திரம் கழுவிய ஈரம், மேலே தடியாக ஒரு பூச்சு. எப்படி நிற்கும்? நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும், மேலே உள்ள பூச்சு விரிசல் விட்டு உரியும். பூச்சில் உள்ள கரைப்பான் ஆவியாகித்தான் அது இறுக வேண்டும், தடியாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே குழைந்தே கிடக்கும். அப்படியே தூங்கினால் காலையில் நகத்தில் தலையணை உறையின் தடம். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் வேறு! நல்லெண்ணெய், சீயக்காய், சுடுநீர் மூன்றும் சேர்ந்தால் மிச்சமும் போய்விடும். ஆகவே இரண்டு நாள் முன்பே பூசுங்கள், முறுக்கு சுடும் நாளுக்கும் அதற்கும் இடைவெளி விடுங்கள். பூசுவதற்கு முன் ஆல்கஹாலில் நகத்தைத் துடையுங்கள். மெல்லிசாக இரண்டு கை, நகத்தின் நுனி விளிம்பிலும் தூரிகையை ஒரு தடவை ஓட்டி மூடுங்கள். தீபாவளி காலையில் டாப் கோட் மட்டும் ஒரு கை. இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் சலூனுக்குப் போய், விளக்கொளியில் இறுகும் ஜெல் பூச்சைப் போட்டுக்கொள்வதுதான் நல்லது, இரண்டு வாரத்துக்குக் கவலை இல்லை.

ஜெல்லை வீட்டில் போடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சாதாரண நகப்பூச்சு வீட்டுக்கு, ஜெல் கைதேர்ந்தவர்களுக்கு. மலிவாக விளக்கோடு சேர்த்து இணையத்தில் விற்கிறார்கள், தெரியும். ஜெல்லில் இருக்கும் ‘ஹெமா’ போன்ற அக்ரிலேட்டுகள் விளக்கொளியில் முழுசாக இறுகாமல் தோலில் படும்போது ஒவ்வாமை வரலாம். ஒரு தரம் வந்தால் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும், பிற்பாடு பல் அடைக்கும் பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கொண்டுவந்த விதிப்படி ஹெமா உள்ள நகப் பொருட்கள் தொழில்முறையாளர்களுக்கு மட்டும். டிபிஓ என்ற இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டார்கள். நம் நாட்டில் அழகுப் பொருளுக்கு, மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-யில் அறிவிப்பு இருக்க வேண்டும். அவர்கள் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பெயரே இல்லாத பாட்டிலில் விற்பதை ஐந்து வெள்ளிதானே என்று வாங்காதீர்கள்.

சலூனிலும் கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுக்க வேண்டாம். ஈப்போவில் ஒரு கடையில் ஜெல்லை எடுக்க இயந்திரத்தை வைத்து ராவியதில் என் தங்கையின் நகம் வளைகிற அளவுக்கு மெலிந்துபோனது. அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு மெதுவாகத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். விளக்குக்குக் கையை நீட்டுவதற்கு முன் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளவும், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை போடவும் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். சலூனில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

நீளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் உணவு பொட்டலம் கட்டுகிறவர்கள், கிளினிக்கில் வேலை பார்க்கிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இவர்கள்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர். இணையப் படங்களில் வரும் நீள நகம் இவர்களுக்கு ஆகாது, பலருக்கு வேலை இடத்தில் பூச்சுக்கே அனுமதி இல்லை. கல்யாணம், காதணி விழா என்றால் ஒட்டு நகம் இருக்கிறது. ஒட்டும் பசைத்தாளை வைத்துக் காலையில் ஒட்டி இரவில் சுடுநீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம். குட்டை நகத்தில் வராத வடிவமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேலே சொன்ன இலை, கோலம், மங்குஸ்தான் மூன்றும் வரும்.

ஆடி மாதம் நகத்துக்கு ஓய்வு விடுகிறோம். நகம் மூச்சு விட வேண்டும் என்பார்கள், அது கதை. நகம் உயிரில்லாத தகடு, அதற்கு வேண்டியது வேரில் ஓடும் ரத்தத்திலிருந்து வருகிறது. கல்யாணம் இல்லாத மாதத்தில் வெறும் நகமாக விட்டால் உடைசல், மஞ்சள் கறை, பூஞ்சை ஏதாவது இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும், அதுதான் லாபம். தேங்காய் எண்ணெய் மட்டும் தினமும் ஓரத்தில் தடவுங்கள்.

டிசம்பர்? எங்கள் மேரி அத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பனித்துகள்தான் கேட்பார், அதுவும் வெள்ளி மினுக்கோடு. நானும் நட்சத்திர விளக்கு வரையலாமே, மாதா கோயில் வாசலில் தொங்குகிறதே என்று சொல்லிப் பார்ப்பேன். “நீ வரை, பேசாத” என்பார். வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். மினுக்குப் பூச்சு போடுகிறவர்கள் அடியில் பேஸ் கோட் இரண்டு கை வையுங்கள், இல்லாவிட்டால் ஜனவரியில் அதை எடுப்பதற்குள் பொங்கல் வந்துவிடும்.