வாரண்ட் இருந்ததா என்று கேட்டால் நான் சூதாடியா?

போன வாரம் நம்மூர் மனமகிழ் மன்றத்தில் சூதாட்டம் நடப்பதாகப் போலீஸ் நடத்திய சோதனையைப் பற்றி எல்லோரும் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டீர்கள். சுவரோரமாகத் தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் படம் தெரு, பழைய மாணவர், கோயில் என்று எந்த வாட்ஸ்அப் குழுவையும் விடாமல் சுற்றியது. அந்தக் குழுவில் நான் கேட்டது ஒரே கேள்வி: சோதனைக்கு வாரண்ட் இருந்ததா? வந்த பதில், "நீங்களும் அங்கே போகிற ஆள்தானா?" கேட்டவர் என் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்து சாப்பிட்டவர் என்பதால் மனம் விட்டுப்போய்விட்டது.

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930இல் வந்தது. குடிமக்களை நம்பாத வெள்ளைக்கார அரசு எழுதிய அந்தச் சட்டமே, ஒரு இடம் சூதாட்ட விடுதியாக நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், ஒரு நீதித்துறை நடுவரோ உதவிக் கண்காணிப்பாளர் அல்லது துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத காவல் அதிகாரியோ வாரண்ட் கொடுத்து உள்ளே நுழைய அதிகாரம் தரலாம் என்று ஐந்தாவது பிரிவில் சொல்கிறது. அங்கே கிடைத்த சீட்டுக்கட்டையே சூதாட்ட விடுதி என்பதற்குச் சான்றாகக் கொள்ள ஆறாவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஐந்தாவது பிரிவின்படி நடந்த சோதனையில் கிடைத்த சீட்டுக்கட்டுக்குத்தான் அந்த வலிமை. அடிப்படையே இல்லாமல் சோதனை போட்டுவிட்டு அந்தச் சான்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ள முடியாது. வாரண்ட் இருந்ததா என்று நான் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோவாகப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. நடுவருக்குப் போக வேண்டிய பதிவு போனதா என்று எனக்குத் தெரியாது. குழுக்களுக்கு வர வேண்டிய தேவையே இல்லாத படம் மட்டும் இரவோடு இரவாக வந்துவிட்டது. அதில் இருந்தவர்களின் பிள்ளைகளும் அதே குழுக்களில் இருக்கிறார்கள்.

என் சித்தப்பா சீட்டைத் தொடாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆடுவார். முன்பு ஒரு சோதனையில் அவர் பிடிபட்ட அன்று சட்டைப் பையில் இருந்தது நகையை மீட்கச் சேர்த்து வைத்த பணம். வங்கியின் அடகு ரசீதும் அதோடு மடித்தே இருந்தது. கைப்பற்றியதை எழுதும் மகஜரில் அவ்வளவும் 'பந்தயப் பணம்' என்று ஏறியது, ரசீதைப் பற்றி ஒரு வரி இல்லை. சூதுக்குப் பயன்பட்டதாகவோ சூதுக்கென்று வைத்திருந்ததாகவோ நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பணத்தைத்தான் கைப்பற்றலாம் என்பது சட்டம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அந்தத் தெருக்காரரே இல்லை, நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர். "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டுங்கள், இன்றோடு முடிந்துவிடும்" என்றார்கள். கட்டினார். பிறகு வளைகுடா வேலைக்குக் காவல் துறைச் சான்றிதழ் கேட்டபோது அந்த வழக்கு வந்து குறுக்கே நின்றது, அந்த வேலையும் போனது.

"சீட்டாட்டத்தால் எத்தனை குடும்பம் நாசமானது தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும், எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது என்பதால்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு ஆட்டத்திலும் வெட்டுப் பணம் எடுத்து விடுதி நடத்துகிறவன், முறைதவறிய சோதனையைக் காட்டியே நீதிமன்றத்தில் வெளியே வந்துவிடுகிறான். வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவன்தான் ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்கிறான். "போலீஸுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. படமெடுத்து அனுப்ப நேரம் இருந்திருக்கிறது.

செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தில் பணம் வைத்து ரம்மி ஆடியதாகப் பிடிபட்டவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், மன்றம் சிறு கட்டணம் வாங்கியதாலேயே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது என்று 1967இல் தீர்ப்பு வந்தது. நம்மூரில் அன்று என்ன ஆட்டம் நடந்தது, மன்றம் அதில் லாபம் எடுத்ததா என்று படத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவராவது விசாரித்தீர்களா? பெரிய மனிதர்களின் கிளப்புகளில் குளிர்சாதன அறையில் சீட்டுப் போடுகிறவர்களை இப்படித் தரையில் உட்கார வைத்த படம் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா? கைலி கட்டியவனுக்கு ஒரு சட்டம், கால்சட்டை போட்டவனுக்கு ஒரு சட்டம் என்பதை எத்தனை காலம்தான் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது?

அந்தக் குடும்பங்களில் யாராவது இதைப் படித்தால்: சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, மகஜர், வாரண்ட் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். வக்கீலுக்கு வழியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு மனு கொடுங்கள். கூட வர ஆள் இல்லை என்றால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், நான் வருகிறேன்.