கேட்டவர் மேல்தான் குற்றமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோல்ஃப் ஆடப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு நான்கு பேர். பந்து கிடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கையுறையைத் தேடுகிறார்கள். எந்த கிளப், அதாவது எந்த மட்டை, என்று அப்புறம்தான் யோசனை. கிரீனில், அதாவது குழி இருக்கும் புல்தரையில், ஆடி முடித்தவர்கள் அங்கேயே நின்று ஸ்கோர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு முழு ஹோல் (ஒரு குழிக்கான மைதானப் பகுதி) காலியாகக் கிடக்கிறது. ஏழாவது டீயில் (ஹோலைத் தொடங்கும் இடம்) பொறுக்க முடியாமல் போய், "சார், முன்னாடி யாருமே இல்ல. எங்களக் கொஞ்சம் முன்னாடி விட்டுடறீங்களா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவர்களில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஜென்டில்மேன் கேம். இதெல்லாம் கேக்கக் கூடாது."

என்னோடு வந்த நண்பர்களும் திரும்பி வந்ததும், "எதுக்குப்பா கேட்ட?" என்றார்கள். ஒரு வாரமாக அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. காத்திருக்க வைத்தவர்கள் ஜென்டில்மேன். காத்திருந்து, பொறுத்து, கடைசியில் வாய் திறந்து கேட்ட நான் மரியாதை தெரியாதவன். இது எங்கள் மைதானத்துச் சண்டை மட்டுமாக இருந்தால் இங்கே எழுத மாட்டேன். அமெரிக்காவின் பெரிய தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் ஆட்டக்காரர்கள் நடுவிலும் இதே கதைதான் நடக்கிறது.

2005 ஜூன். வாஷிங்டன் பக்கத்தில் காங்கிரஷனல் மைதானம். கடைசிச் சுற்றில் தென்னாப்பிரிக்காவின் ரோரி சபாட்டினியும் அமெரிக்கர் பென் கிரேனும் ஜோடி. டூரிலேயே மிக மெதுவாக ஆடுபவர்களில் ஒருவர் என்று அப்போதே கிரேனுக்குப் பெயர். சபாட்டினி நேர் எதிர், நடந்துகொண்டே அடிக்கும் ரகம். நாள் முழுக்கக் காத்திருந்த எரிச்சல் 17வது ஹோலில் வெடித்தது. முறை வராமலே தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, கிரேன் இன்னும் முடிக்காமல் இருக்கும்போதே, அடுத்த டீயை நோக்கி நடந்துவிட்டார். அந்த வாரம் கிரேன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு நன்றாக ஆடிக்கொண்டிருந்த நேரம் அது.

சபாட்டினி அப்படிச் செய்தது தப்பு. உடன் ஆடுபவர் பட் செய்ய (பந்தைக் குழிக்குள் உருட்ட) நிற்கும்போது விட்டுவிட்டுப் போவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவரும் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தச் சம்பவம் எப்படி நினைவில் நின்றது என்று பாருங்கள். அன்று முழுவதும் நடந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை, கடைசியில் ஒருவர் நடந்து போனது மட்டும்தான் ஞாபகம். சபாட்டினி என்றாலே 'திமிர் பிடித்தவர்' என்று பல வருடங்களுக்கு முத்திரை குத்தினார்கள். பின்னாளில் ஸ்லோவாக்கியக் குடியுரிமை பெற்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் கடைசி நாள் 61 அடித்து வெள்ளி வாங்கியபோதும் அந்தப் பழைய கதை கூடவே வந்தது.

இன்னொரு காட்சி. இதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 2018 ஜனவரி, சான் டியேகோவின் டோரி பைன்ஸ். கடைசி நாள், கடைசிக் குழு, கடைசி ஹோல். கிரீனுக்கு முன்னால் குளம் இருக்கும் பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஹோல். ஜே.பி. ஹோம்ஸுக்கு முன்னணியைத் தொட ஈகிள் (பாரை விட இரண்டு அடி குறைவு) வேண்டும். அலெக்ஸ் நோரனுக்கு பர்டி (ஓர் அடி குறைவு) அடித்தால் கோப்பை. ஹோம்ஸ் பந்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். காற்று பார்க்கிறார். மட்டைப் பை தூக்கும் கேடியோடு பேசுகிறார். ஒரு கிளப்பை எடுக்கிறார், வைக்கிறார். மறுபடி காற்று. ஒரு நிமிடம் ஆகிறது, இரண்டு ஆகிறது, மூன்று ஆகிறது. நோரன் அந்தப் பக்கம் கையில் கிளப்போடு நின்று உடம்பு ஆறிக்கொண்டிருக்கிறார். நாலு நிமிடத்துக்கும் மேலே போய்விட்டது. கடைசியில் ஹோம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? குளத்தைத் தாண்டி அடிக்கவே இல்லை. முன்னால் ஒரு சின்ன அடி அடித்து வைத்தார்.

அதற்குப் பிறகு நோரன் அடித்த பந்து கிரீனைத் தாண்டி ஓடியது. பார்தான் எடுக்க முடிந்தது. ஜேசன் டேயோடு சமநிலை வந்து, பிளே ஆஃப் எனும் கூடுதல் ஆட்டத்துக்குப் போய், இருட்டிவிட்டதால் திங்கட்கிழமை காலை திரும்ப வந்து, தோற்றார். அந்த நாலு நிமிடத்தால்தான் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறகு கேட்டபோது ஹோம்ஸ் சொன்னதன் சாரம் இது: நோரனுக்குத் தொந்தரவாக இருந்திருந்தால் சொல்லியிருக்கலாமே, அவர் முதலில் அடித்திருக்கலாமே.

சொல்லியிருந்தால்? அவ்வளவு பெரிய நேரத்தில், தொலைக்காட்சி கேமரா நடுவில், 'கொஞ்சம் சீக்கிரம்' என்று நோரன் சொல்லியிருந்தால் மறுநாள் செய்தி எப்படி வந்திருக்கும்? உடன் ஆடுபவரின் கவனத்தைக் கலைத்தார் என்றுதான் வந்திருக்கும். கேட்டால் நாகரிகம் இல்லாதவன். கேட்காமல் இருந்தால், 'கேட்டிருக்கலாமே'. இரண்டு பக்கமும் அடி.

கோல்ஃபின் மரியாதையை நான் மனதார நேசிக்கிறவன். யாரும் பார்க்காவிட்டாலும் தன் தப்பைத் தானே சொல்லும் ஆட்டம் இது. 1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் பந்து லேசாக அசைந்ததை வேறு யாருமே பார்க்கவில்லை. அவரே போய்ச் சொல்லி ஒரு ஸ்ட்ரோக் தண்டனை (கணக்கில் ஓர் அடி கூடும்) வாங்கிக்கொண்டார். முடிவில் சமநிலை வந்து பிளே ஆஃபில் கோப்பை கைவிட்டுப் போனது. அந்தக் கதையை நூறு வருடமாகக் கொண்டாடுகிறோம். பந்து ஒரு நூல் அசைந்தால் மனசாட்சி உறுத்தும் ஆட்டத்தில், அடுத்தவரின் நாலு நிமிடத்தை எடுத்துக்கொண்டால் மட்டும் ஏன் உறுத்துவதில்லை?

விதியில் இடம் இருக்கிறது. 2019ல் திருத்தி வந்த விதிப் புத்தகம் ஒரு அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்ததும் அப்போதுதான். சிக்கல் எல்லாம் டூரில் அதை நடைமுறைப்படுத்தும் விதத்தில். பெரும்பாலும் குழு முழுவதும் பின்தங்கினால்தான் கடிகாரமே கையில் எடுப்பார்கள். எடுத்ததும் மெதுவாக ஆடும் ஆள் சட்டென்று வேகமாகிவிடுவார், இடைவெளி சரியானதும் பழைய நடைக்குத் திரும்பிவிடுவார். இதில் பாவம் யாரென்றால் கூட ஆடும் மற்றவர்கள். வேகமாக ஆடுபவருக்கும் சேர்த்துத்தான் கடிகாரம் ஓடும். முதல் தடவை நேரம் மீறினால் வெறும் எச்சரிக்கைதான், இரண்டாம் தடவைதான் ஸ்ட்ரோக். அது நடப்பதே அபூர்வம். 1995ல் க்ளென் டே என்பவருக்கு ஒரு ஸ்ட்ரோக் போட்டார்கள். பிஜிஏ டூர் போட்டியில் அடுத்த ஸ்ட்ரோக் தண்டனை 2017ல், நியூ ஆர்லியன்ஸில் ஜோடியாக ஆடிய இருவருக்கு. நடுவில் 22 வருடம்! பணமாக அபராதம் போட்டது உண்டு. அந்த வருமானத்தில் அது உறைக்குமா?

சரி, தண்டனை எங்கே விழுந்தது என்று பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அகஸ்டா மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் 2013ல் குவான் தியான்லாங் என்ற சீனப் பையன் ஆடினான். 14 வயது. அகஸ்டாவின் காற்று மாறிக்கொண்டே இருந்த வெள்ளிக்கிழமை, 17வது ஹோலில் அவனுக்கு ஒரு ஸ்ட்ரோக் தண்டனை. பள்ளிக்கூடம் போகும் பையன்! அந்த ஒரு ஸ்ட்ரோக்கால் வார இறுதியின் கடைசி இரண்டு சுற்றுக்கே தகுதி பெறாமல் போயிருப்பான், மயிரிழையில் தப்பினான். அதே வருடம் முயர்ஃபீல்டில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் 21 வயது ஹிடெக்கி மட்சுயாமாவுக்கு ஒரு ஸ்ட்ரோக். விதியை மீறினார்கள், தண்டனை சரிதான். ஆனால் வருடக்கணக்கில் மெதுவாக ஆடி நட்சத்திரங்களானவர்கள் மேல் அந்தக் கை நீளவில்லை. குவான் அன்று முறைத்துக்கொண்டு போகவில்லை. நடுவரின் முடிவை மதிக்கிறேன் என்று சொன்னான். எனக்கு அந்தப் பையன்தான் உண்மையான ஜென்டில்மேன்.

இந்த விஷயத்தில் வாய் திறந்தவர்கள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது புரூக்ஸ் கெப்கா. ஒரு பந்தை அடிக்க ஒரு நிமிடம் 20 நொடி எதற்கு என்று 2019 தொடக்கத்திலேயே கேட்டவர். 2023 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் ஜான் ராமிடம் கோப்பையை இழந்த பிறகு, முன்னால் போன குழு கொடுமையான மெதுவாக ஆடியது, ராம் ஏழு தடவை பாத்ரூம் போய் வந்தும் நாங்கள் காத்துக்கொண்டுதான் இருந்தோம் என்றார். முன்னால் ஆடியவர்கள் பேட்ரிக் கான்ட்லேயும் விக்டர் ஹோவ்லாண்டும். தோற்றவன் சாக்குச் சொல்கிறான் என்று சிலர் பேசினார்கள். கான்ட்லே அடுத்த வாரம், எங்களுக்கு முன்னாலும் ஆட்கள் நின்றார்கள், நாங்களும் காத்துக்கொண்டுதான் இருந்தோம் என்று விளக்கம் கொடுத்தார். அதையும் கேட்க வேண்டும். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஏனென்றால் ஆள் கூட்டமும் ஒரு காரணம்தான். 156 பேர் ஆடும் போட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்று மூன்று பேராக 52 குழு. காலையில் பாதி, மதியம் பாதி. 1வது டீயிலும் 10வது டீயிலும் பிரித்து அனுப்பினால் ஒரு டீயில் 13 குழு. சுமார் 11 நிமிடத்துக்கு ஒரு குழு என்றால், முதல் குழு கிளம்பி 132 நிமிடம் கழித்துத்தான் 13வது குழு கிளம்பும். முதல் குழு ஒன்பது ஹோலை இரண்டே மணி நேரத்தில் முடித்துவிட்டு அந்தப் பக்கம் வந்தாலும், அங்கே இன்னும் ஆட்கள் கிளம்பிக்கொண்டுதான் இருப்பார்கள். நின்றே ஆக வேண்டும். இதனால்தான் 2026 முதல் அதிகபட்சம் 144 பேர் என்று டூர் முடிவெடுத்தது.

ஆனால் இதை முழுப் பதிலாக நான் ஏற்க மாட்டேன். 2025 ஜனவரியில் அதே டோரி பைன்ஸில் கடைசி நாள், முதல் இரண்டு சுற்றோடு பாதிப் பேர் வெளியேறிய பிறகு, கடைசிக் குழு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் எடுத்தது. 156 பேரா அன்று ஆடினார்கள்? 2009 அமெரிக்க ஓபன் சாம்பியன் லூகாஸ் குளோவர் இதைத்தான் முன்பே போட்டு உடைத்தார். தான் டூருக்கு வந்தபோது மெதுவாக ஆடுபவர்கள் நாலைந்து பேர்தான், இப்போது ஐம்பது பேர் இருக்கிறார்கள், அதற்காக ஆட்களைக் குறைக்காதீர்கள், எங்களை வேகமாக ஆடச் சொல்லுங்கள் என்றார். ஆட்களைக் குறைத்தால் அடிபடுவது கடைசி வரிசையில் இருக்கும் புதுப் பையன்கள் அல்லவா? மெதுவாக ஆடும் பெரிய ஆளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த டோரி பைன்ஸ் கடைசி நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பிலேயே டாட்டி பெப்பர் ஒரு வார்த்தை சொன்னார்: மரியாதை. உடன் ஆடுபவர்களுக்கு, ரசிகர்களுக்கு, ஒளிபரப்புக்குத் தர வேண்டிய மரியாதை என்று. அவர் மேஜர் எனப்படும் பெரிய பட்டங்கள் வென்ற முன்னாள் ஆட்டக்காரர், மைதானத்துக்குள் நடந்துகொண்டே வர்ணனை செய்பவர். இத்தனை வருடமாக மெதுவான ஆட்டத்தை 'பிரச்சினை' என்றும் 'சவால்' என்றும் சுற்றி வளைத்துப் பேசியவர்கள் நடுவில் அவர் சரியான பெயரைச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கேட்டபோது இங்கே அதிகாலை. எழுந்து நின்று கைதட்டினேன்.

பெண்கள் டூரான எல்பிஜிஏ இதில் முந்திக்கொண்டது. 2024 நவம்பரில் ஃபுளோரிடாவில் சார்லி ஹல்லும் நெல்லி கோர்டாவும் ஆடிய மூன்றாம் சுற்று 5 மணி 38 நிமிடம் இழுத்து, இருட்டில் போய் முடிந்தது. ஹல் யோசிக்காமல் சொன்னார்: நேரம் மீறும் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்ட்ரோக், மூன்று தடவை மீறினால் டூரில் ஆடும் உரிமையான டூர் அட்டையையே பிடுங்குங்கள். கொஞ்சம் கடுமைதான். ஆனால் அப்படி ஒருவர் பேசியதால்தானே பேச்சு சூடுபிடித்தது? 2025 மார்ச்சிலிருந்து எல்பிஜிஏ விதியை மாற்றியது. ஐந்து நொடி வரை மீறினால் அபராதம், ஆறு முதல் 15 நொடி வரை ஒரு ஸ்ட்ரோக், 16 நொடி அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு ஸ்ட்ரோக். எச்சரிக்கை, தவணை எதுவும் கிடையாது.

இது நடக்காத காரியமும் இல்லை. 2018 ஜூனில் ஐரோப்பிய டூர் ஆஸ்திரியாவில் ஒவ்வொரு அடிக்கும் கடிகாரம் வைத்து ஒரு முழுப் போட்டியே நடத்தியது. ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வண்டியில் பெரிய கடிகாரம் ஓடும். சுற்று ஒன்றுக்கு அரை மணி நேரம் போலக் குறைந்தது. மிக்கோ கோர்ஹோனென் ஜெயித்தார், ஆட்டத்தின் தரம் ஒன்றும் குறையவில்லை. அடுத்த வருடம் ஆடம் ஸ்காட், தண்டனை கொடுக்க ஆரம்பியுங்கள், வேண்டுமானால் என்னையே முதல் பலியாக்குங்கள் என்று சொன்னார். யாரும் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வாரக் கடைசியில் பிஜிஏ டூர் போட்டி பார்ப்பவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். ஒரு ஆட்டக்காரரின் முறை வந்து, முன்னால் தடை எதுவும் இல்லை என்றானதும், கைபேசியில் கடிகாரத்தை ஓட விடுங்கள். பெரிய பெயர், சின்னப் பெயர் எல்லாம் பார்க்க வேண்டாம். 40ஐத் தாண்டியது யார், எத்தனை நொடி என்று கீழே கமென்டில் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.