ஷெயார் போல்டரை 777 போட்டுத் திறந்துவிடாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பாடசாலைகளுக்கும் தோட்ட அலுவலகங்களுக்கும் ஃபைல் சேர்வர் போட்டுக் கொடுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இது. பழைய கம்பியூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸும், அதன் போல்டர்களை விண்டோஸ் மெஷின்களுக்குப் பகிரும் சம்பா என்ற மென்பொருளும் போடுவது அருமையான வேலை. 4 ஜிபி ரெம் இருந்தால் பத்துப் பதினைந்து விண்டோஸ் மெஷின்களுக்குத் தாராளம், லைசன்ஸ் காசும் இல்லை. ஆனால் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையும் கெஸ்ட் வழியைத் திறந்து, போல்டருக்கு 777, அதாவது எவரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்ற உரிமையைக் கொடுத்துவிட்டு வருவதை நிறுத்துங்கள். தோட்டச் சம்பளப் பதிவான செக்ரோலும் சேமலாப நிதி விபரமும் பிள்ளைகளின் புள்ளிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த எவரும் அழித்துவிடலாம்.

777 போடத் தூண்டுவது ஒரே ஒரு பிரச்சினைதான். கிளார்க் சேமித்த எக்செல் ஃபைலை அதிபர் திறக்கலாம், திருத்த முடியாது. காரணம், புது ஃபைலுக்கு எந்த உரிமை கிடைக்கலாம் என்று சொல்லும் 'கிரியேட் மாஸ்க்' சம்பாவில் இயல்பாக 0744, புது போல்டருக்கான 'டைரக்டரி மாஸ்க்' 0755. இரண்டுமே குரூப்பின் எழுதும் உரிமையை வெட்டிவிடும். அலுவலகத்துக்கு ஒரு குரூப் உருவாக்கி, போல்டரை அதன் பெயருக்கு மாற்றி, 2770 கொடுங்கள். உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்னால் வரும் அந்த 2 முக்கியம்: உள்ளே யார் எதை உருவாக்கினாலும் அது அதே குரூப்புக்குப் போகும். பிறகு சம்பாவின் செட்டிங் ஃபைலில் அந்த ஷெயாரின் பகுதியில் கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770, யார் நுழையலாம் என்று சொல்லும் 'வேலிட் யூசர்ஸ்' வரியில் குரூப்பின் பெயருக்கு முன் @ குறி. 'டெஸ்ட்பார்ம்' ஓட்டிப் பிழை பார்த்துவிட்டு சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆளுக்கொரு லினக்ஸ் யூசர் வேண்டும், அதற்கு மேல் சம்பா பாஸ்வேர்டும் தனியாகப் போட வேண்டும். இரண்டும் வேறு வேறு. லினக்ஸ் பாஸ்வேர்டை மட்டும் போட்டால் விண்டோஸ் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கெஸ்ட் வழி எப்படியும் அடைபட்டுக்கொண்டு வருகிறது. விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பில் அது இயல்பாகவே மூடியிருக்கிறது. நெட்வேர்க்கில் சேர்வர் தெரியவில்லை என்று, ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1ஐத் திறப்பவர்களும் உண்டு. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்ட வன்னாகிரை வைரஸ் புகுந்தது விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். சேர்வரில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்னப் புரோகிராமைப் போட்டால் பெயர் தெரியும், எஸ்எம்பி 1 தேவையில்லை.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு பெயரின் எல்லை 255 பைட். யூனிகோட் தமிழில் 'க'வுக்கு 3 பைட், 'கி'க்கு 6, 'கொ'வும் 6. ஆக நாற்பது எழுத்துக்குமேல் நீண்ட தமிழ்ப் பெயர், விண்டோஸில் நன்றாக இருந்தாலும் சேர்வருக்குக் கொப்பி ஆக மறுக்கலாம். சேர்வர் பழுது என்று நினைத்து டிஸ்க்கை மாற்றாதீர்கள். பெயரைச் சுருக்கினால் போதும்.

ஷெயாரில் அழித்த ஃபைல் விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். சம்பாவில் 'ரீசைக்கிள்' மொடியூலைச் சேர்த்தால் அழித்தவை சேர்வரிலேயே ஒரு போல்டரில் தங்கும். ஒன்றின் நகலாக மற்றது இருக்கும்படி இரண்டு டிஸ்க்கை மிரர் செய்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அந்த நொடியே அழியும்.

கடைசியாக நம் ஊர் இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழையோடு வரும் இடியில், கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த செப்பு நெட்வேர்க் கேபிள்தான் முதல் எதிரி. யூபிஎஸ் கரண்ட் பக்கத்தைத்தான் காக்கும், கேபிள் வழியாக வரும் மின்னலை அது தடுக்காது. ஸ்டாஃப் ரூமிலிருந்து பக்கத்து பிளாக்குக்குப் போகும் அந்தத் துண்டை மட்டுமாவது ஃபைபராக மாற்றச் சொல்லுங்கள். ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்க இரு முனைக்கும் ஒவ்வொரு மீடியா கன்வேர்ட்டர் போதும்.