ஒரு தட்டுக்கு 250 ரூபாய்

செக்கிங் சார்ஜ் பாக்கி 500 ரூபாயாம். காலை ஏழு மணிக்குப் போன் போட்டுக் கேட்கிறார் அந்த லேப்டாப் கடைக்காரர். பல்கூடத் தேய்க்கவில்லை நான்.

எதற்கு 500? என்ன செக்கிங்? சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அப்பாவின் லேப்டாப் செத்துப்போனது. பவர் பட்டனை அழுத்தினால் ஒரு பொட்டு வெளிச்சம், ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மதர்போர்டு போயிருக்கும். சரி, பத்து வருஷம் உழைத்த ஜீவன், போகட்டும். உள்ளே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்கள் மட்டும் வேண்டும். இதைத்தான் கடையில் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன்.

"டேட்டா முக்கியமா சார்?"

இல்லை சார், லேப்டாப்புக்குக் கொஞ்சம் காற்றாட இருக்கட்டுமே என்று தூக்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? முக்கியம் என்றால் ரேட் ஏறும். முக்கியமில்லை என்றால் ஃபார்மட் அடித்துக் கையில் கொடுத்துவிட்டு "நீங்கதானே சார் சொன்னீங்க" என்பார்கள். நான் பெரிய புத்திசாலி மாதிரி "ஓரளவுக்கு முக்கியம்" என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் லேப்டாப்பில் வந்ததைவிட அதிகம்.

அப்புறம்தான் அந்த செக்கிங். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார். ஒரு ஸ்க்ரூ கழற்றவில்லை. சந்தையில் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி அடிப்பாகத்தில் நடுவிரலால் தட்டினார். டொக். காதைக் கொண்டுபோய் வைத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். சார்ஜர் வாங்க வந்திருந்த காலேஜ் பையனும், பாவம், அவனும் அடக்கிக்கொண்டான். கடைக்காரர் இடத்தைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு தட்டு. டொக். நிமிர்ந்தார்.

"ஹெட் போயிடுச்சு சார்." டிஸ்க்கில் பதிந்திருப்பதைப் படிக்கிற முனைக்குப் பேர்தான் ஹெட்.

ஐயா! கரண்டே ஏறாத டிஸ்க்கில் எந்த ஹெட் உங்கள் காதில் வந்து சொன்னது? ஹெட் போனால் டிஸ்க் சுற்றும்போது டக், டக் என்று விடாமல் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த நிமிஷமே பிடுங்கி வைத்துவிட வேண்டும், தூசி புகாத லேபில்தான் திறக்க வேண்டும், எல்லாம் வாஸ்தவம். ஆனால் அதற்கு டிஸ்க் முதலில் சுற்ற வேண்டுமே!

"பன்னிரண்டு ஆகும். லேபுக்கு அனுப்பணும்." பன்னிரண்டு என்றால் பன்னிரண்டாயிரம். எங்கள் தலைமுறையில் யாருக்கும் ஆயிரம் என்ற சொல்லே வாயில் வருவதில்லை. கூடவே, "பேக்கப் எடுத்து வைக்கலையா சார்?" கிணற்றில் விழுந்தவனை எட்டிப் பார்த்து, நீச்சல் கற்றுக்கொள்ளவில்லையா என்று விசாரிக்கிற அன்பு.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேசிங். லேப்டாப்பின் அடியில் நாலு ஸ்க்ரூ. டிஸ்க்கை உருவி, கேசிங்கில் சொருகி, என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். உய்ங் என்று சுற்றியது. டக்கும் இல்லை, டொக்கும் இல்லை. ஹெட் ஜம்மென்று இருக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டர் கேட்கிறது: "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா?" ஆஸ்பத்திரி வாசலிலேயே, "முதலில் எரித்துவிடலாமா?" என்று கேட்பதுபோல. லேப்டாப் சாகும்போது பார்ட்டிஷனையும், அதாவது டிஸ்க்கின் பாகப்பிரிவினைக் கணக்கையும், கெடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

கேன்சல் அடித்துவிட்டு போட்டோரெக் போட்டேன். இலவசம். டிஸ்க்கின் ஃபோல்டர் கணக்கையே நம்பாமல், ஒவ்வொரு துண்டாகத் தடவி, இது போட்டோ மாதிரி தொடங்குகிறது, இது வேர்டு மாதிரி தொடங்குகிறது என்று பொறுக்கி எடுக்கிற மென்பொருள். எடுத்ததை அதே டிஸ்க்கில் எழுதினால் மிச்சமும் அழிந்துவிடும் என்பதால் புதிதாக இன்னொரு டிஸ்க் வாங்கினேன். அந்தச் செலவைப் பற்றி யாரும் கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க ஓடியது.

வந்தது. எல்லாம் வந்தது. பேர் மட்டும் வரவில்லை. தொடக்கத்தில் ஒரு எஃப், அப்புறம் ஏழெட்டு இலக்கம். 500 ஃபைலுக்கு ஒரு ஃபோல்டராக 60 ஃபோல்டருக்கு மேல். பாட்டியின் சதாபிஷேக போட்டோ ஒன்று, அதற்கடுத்து ஏதோ இணையதளத்தின் கட்டைவிரல் அளவு ஐகான் 40. பழைய ஆல்பத்தைக் கிழித்துக் குப்பைத்தொட்டியோடு கலந்து கொடுத்த மாதிரி.

சரி, அப்பா எழுதிய குடும்ப வரலாறாவது கிடைக்குமா என்று ஒரு வேர்டு ஃபைலைத் திறந்தால், பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டுகிற பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு செத்த லேப்டாப்போடு போய்விட்டது. தேடி இறக்கிப் போட்டால் சரியாகிவிடும், தெரியும். ஆனால் கேட்கிறேன், கம்ப்யூட்டர் தமிழுக்கு 1999இல் டாம், டாப் என்று தமிழக அரசு எழுத்துக் குறியீட்டுத் தரம் அறிவித்தது, 2010இல் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு என்றது, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இன்னும் பாமினி? இருபது வருஷம் டிடிபி வேலை, அதாவது அச்சுக்காகக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை, பார்த்தவர் அப்பா. "கைக்குப் பழகினதை எதுக்குடா மாத்தணும்?" என்பார்.

அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். கீபோர்டே இல்லாத மேசையில் விரல்கள் டொக், டொக் என்று ஐந்து தட்டு தட்டின.

"அம்மா," என்றார்.

அடுத்த வரிக்கும் தட்டினார். "அம்மா பிறந்த ஊர்..." அரைப் பக்கம் அப்படியே தட்டித் தட்டி வாசித்தவர், நிமிர்ந்து, "எல்லாம் சரியாத்தானேடா இருக்கு? அந்தக் கடைக்காரருக்கு 500ஐக் கொடுத்துடு, பாவம்" என்கிறார்.