திட்டைக் காலி பண்ணச் சொல்பவர்களுக்கு

இரண்டு நாளாக எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பகிர்கிறீர்கள். கொள்ளிடத்து வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அக்கா ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். மேலே, "ஆற்றுக்குள் குடியிருந்தால் ஆறு சும்மா விடுமா? இவர்களை வெளியேற்றினால்தான் இயற்கை பிழைக்கும்" என்று ஒரு வரி. பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருப்பதால் எழுதுகிறேன்.

நான் கொள்ளிடத்துப் படுகையில், ஆற்றுக்குள் மேடாக நிற்கும் திட்டில் பிறந்தவன். நாதல்படுகை, முதலைமேடு திட்டு என்ற பெயர்களை மேட்டூர் நிரம்பும்போது மட்டும் டிவியில் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கு அது முல்லையும் கத்திரியும் விளைகிற மண். ஸ்ரீரங்கமும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவுதான். அதைக் காலி பண்ணச் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

ஆற்றைக் கெடுத்தது திட்டில் இருப்பவர்கள் இல்லை, மணலை அள்ளியவர்கள். மணல் போய் ஆறு பள்ளமானால் தண்ணீர் கரையின் அடியை அரிக்கும், முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் மேலே ஏறும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலம் இடிந்தது. அங்கே எந்தத் திட்டுக்காரன் வீடு கட்டியிருந்தான்?

2022 வெள்ளத்தில் எட்டு நாள் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்ததும் அம்மா வீட்டுக்குள் போகவில்லை. நேரே பூக்கொல்லைக்குப் போய் ஒரு முல்லைச் செடியைப் பிடித்து இழுத்தார். வேர் அழுகி, கையோடு வந்தது. மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த செடியை இழுத்தார். கைபம்பில் அடித்த தண்ணீர் அதற்கு முன்பே உப்புக் கரிக்க ஆரம்பித்திருந்தது.

"மாற்று இடம் தருகிறார்களே" என்பீர்கள். சரி, வீட்டுக்கு இடம். மாட்டுக்கு? கொல்லைக்கு? "புறம்போக்குதானே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

திட்டுக்குப் பாலம் கேட்டால், "பாலம் வந்தால் பின்னாலேயே ரிசார்ட்டும் வரும்" என்கிறார் ஒருவர். அந்தப் பயம் எனக்கும் உண்டு. எங்கள் ஆட்களிலேயே ராத்திரியில் மணல் வண்டிக்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. அதற்காகப் பிரசவ வலி வந்தவளைப் படகுக்குக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

திட்டைச் சுற்றிச் சுவர் கேட்கவில்லை. சுவர் எழுப்பினால் ஆறு ஒடுங்கி எதிர்க்கரையை உடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மாடுகன்றோடு ஏறி நிற்க உயரமாக ஒரு கட்டடம், அரிக்கிற இடத்தில் மூங்கிலும் நாணலும், தண்ணீர் திறக்கும் முன் ஒரு நாள் அவகாசம், மணலில் யாரும் கை வைக்காத காவல். இதில் எது இயற்கைக்கு எதிரானது? ஆறு கெட்டால் முதலில் போவது நாங்கள். ஆற்றைக் காப்பாற்றுவதும் எங்களை வாழவிடுவதும் ஒரே வேலைதான், எத்தனை தடவை சொல்வது!

அந்த அக்கா எங்கள் தெருதான். அன்றைக்கு நான்கு தடவை தண்ணீரில் இறங்கி ஆடுகளை ஒவ்வொன்றாகக் கரை சேர்த்தார். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளிடமும் போன் இருக்கிறது. படத்தை நீக்கிவிடுங்கள்.