சாவின் ஆள் யார்? மார்ட்டின் கார்ட்டரை முன்வைத்து

கரீபியக் கவிதை என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் முஷ்டியை உயர்த்திவிடுகிறார்கள். அடிமைமுறை, கரும்புத் தோட்டம், வெள்ளைக்காரன், விடுதலை. நான்கையும் கலக்கினால் கட்டுரை தயார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் கப்பலேறியதோடு எதிர்ப்பும் முடிந்துவிட்ட மாதிரி எழுதுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கவிதைக்கு வலு ஏறுவதே அதற்கப்புறம்தான்.

தென் அமெரிக்காவின் வடகரையில், அப்போது பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்த கயானாவின் கவிஞர் மார்ட்டின் கார்ட்டரையே எடுத்துக்கொள்வோம். 1953 ஏப்ரலில் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்து நடந்த முதல் தேர்தல். இந்திய வம்சாவளியான செட்டி ஜகனும் ஆப்பிரிக்க வம்சாவளியான ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் சேர்ந்து நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி 24 இடங்களில் 18ஐப் பிடித்தது. ஆட்சி 133 நாள்தான் நீடித்தது. அக்டோபரில் பிரிட்டன் படைகளை இறக்கி அரசியல் சட்டத்தையே முடக்கியது. கட்சிக்காரரான கார்ட்டரைப் பிடித்து விமானத்தளம் ஒன்றில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு 26 வயது. அடுத்த ஆண்டே அவருடைய எதிர்ப்புக் கவிதைகள் லண்டனில் புத்தகமாக வந்தன.

'இது இருண்ட காலம், என் அன்பே' அந்தக் காலத்துக் கவிதை. நிலமெங்கும் பழுப்பு வண்டுகள் ஊர்கின்றன. ராணுவச் சீருடை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இரும்பு பூட்ஸ் மெல்லிய புல்லை மிதித்துப் போகிறது. யார் அது என்று கேட்டு, சாவின் ஆள், அந்நியன் என்று கவிதையே பதில் சொல்கிறது. அவன் நீ தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உன் கனவைக் குறிவைக்கிறான். குறி நெஞ்சுக்கு இல்லை, கனவுக்கு! அந்த ஒரு வரிக்காகவே கார்ட்டரைக் கொண்டாடலாம்.

அதே தொகுப்பில், அடிமைகளை அடைத்து வைத்திருந்த தோட்டக் கொட்டடியிலிருந்து வருகிறேன் என்று ஒரு குரல் பேசும். அடிமைமுறை ஒழிந்த பிறகு அதே மாதிரிக் கொட்டடிகளில்தான் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகளைக் குடிவைத்தார்கள். 1845லிருந்து சென்னைக் கப்பல்களும் போயின. கயானாவில் இன்றும் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. ஆக, அந்த 'நான்' ஆப்பிரிக்க வம்சாவளிக்கும் இந்திய வம்சாவளிக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். இருக்க விடவில்லை. 1955ல் ஜகனும் பர்ன்ஹாமும் பிரிந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு சனங்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். பின்னால் இந்திய வம்சாவளிக் கயானாக் கவிஞர் மகாதாய் தாஸ் கப்பலில் வந்தவர்களைப் பற்றி எழுதியபோது, அது கூலிகளின் பேத்தி பேசும் 'நான்' ஆகியிருந்தது. அடையாளம், அடையாளம் என்கிறோமே, அது ஒரு தலைமுறைக்குள் இப்படியும் சுருங்கும்.

1966ல் விடுதலை. 1967ல் கார்ட்டர் பர்ன்ஹாம் அரசில் தகவல் அமைச்சர்! எதிர்ப்புக் கவிஞருக்கு இந்த வேலை எதற்கு என்று எனக்கும் எரிச்சல்தான். 1970ல் வெளியே வந்துவிட்டார். வயிற்றுக்குப் போடும் சோறே வாய்க்குப் பூட்டு என்ற பொருளில் அவர் எழுதியது அந்த அமைச்சர் காலத்தில்தான்.

இனிதான் விஷயமே. 1979 ஜூலை 14. தலைநகர் ஜார்ஜ்டவுன் தெருவில் பர்ன்ஹாம் ஆட்சிக்கு எதிரான ஊர்வலம். கத்தோலிக்கப் பத்திரிகைக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்த பெர்னார்ட் டார்க் என்ற பாதிரியாரை ஆட்சியின் அடியாட்கள் குத்திக் கொன்றார்கள். பிரான்சில் பாஸ்டில் சிறையை மக்கள் உடைத்த அதே தேதி. கார்ட்டர் 'பாஸ்டில் தினம்' என்ற பெயரிலேயே கவிதை எழுதினார். நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை என்று தடுமாறித் தொடங்குகிறது. என் கண்ணாலேயே பார்த்தேன் என்கிறது. பிறகு, இவர்கள் சாவின் ஆட்கள் இல்லை, ஒரு பானைச் சோறுதான் இவர்களுக்குக் கூலி என்கிறது.

1953 கவிதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று கொலைகாரன் அந்நியன், அவனுக்குச் 'சாவின் ஆள்' என்ற கம்பீரமாவது இருந்தது. இன்று வருகிறவன் பக்கத்துத் தெருக்காரன். அந்தப் பெரிய பட்டத்தைக்கூட அவனுக்குக் கொடுக்கக் கவிஞருக்கு மனமில்லை. நம் கேடு நம்மிடமே பிறந்தது என்று ஒப்புக்கொண்டு, அந்த வெட்கத்தோடே போராடுவோம் என்கிறார். இது முஷ்டியை உயர்த்துவதைவிடப் பல மடங்கு கஷ்டமான எதிர்ப்பு.

1980 ஜூனில், பர்ன்ஹாமை எதிர்த்து நின்ற வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி குண்டுவெடித்துச் செத்தார். கார்ட்டர் அவருக்கு எழுதிய கவிதை சின்னது, முரடானது, பாதி வரிகள் பிடிபடாது. கொலைகாரர்களை உரையாடலைக் கொன்றவர்கள் என்கிறார். மொழிபெயர்க்கிற நண்பர்களே, இருண்ட காலத்தைத் திரும்பத் திரும்பத் தமிழில் கொண்டுவந்தது போதும். இந்த இரண்டையும் யாராவது எடுத்துச் செய்யுங்களேன்.